போச்செல்லியா, பவரோட்டியா: குரலைப் பற்றி முறையாக வாதிட ஒரு வழிகாட்டி

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழெட்டுப் பேர் கூடிப் பாட்டுக் கேட்கிறோம். சிலர் சண்முகானந்தா சபையின் கச்சேரிகளைக் கேட்டே வளர்ந்தவர்கள். சிலர் நரிமன் பாயிண்ட்டில் உள்ள என்.சி.பி.ஏ. அரங்குக்குப் போய்ப் போய் மேற்கத்திய செவ்வியல் இசையிலும் காதைப் பழக்கிக்கொண்டவர்கள். ஒரு முறை இத்தாலியப் பாடகர் ஆந்த்ரேயா போச்செல்லியைப் பற்றி எழுந்த பேச்சு, காபி ஆறிப்போய், இரவுச் சாப்பாடும் தள்ளிப்போகும் அளவுக்கு நீண்டது. இப்படி ஒரு குரல் நூற்றாண்டுக்கு ஒருமுறைதான் பிறக்கும் என்றார் என் மைத்துனர். மாடி வீட்டு மாமாவோ, "மைக்கை எடுத்துடுங்கோ, மூணாவது வரிசைக்குக் கேக்காது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். மைத்துனர் பேசியது குரலின் நிறத்தைப் பற்றி. மாமா பேசியது குரலின் வலுவைப் பற்றி. இருவரும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்ததை இரண்டு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்குப் பிறகு நாங்கள் கைக்கொண்ட முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வாதத்தைத் தொடங்குமுன் கேள்வியை ஒரு தாளில் எழுதுங்கள். நாங்கள் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தை இதற்கு வைத்துக்கொள்கிறோம். "இவர் நல்ல பாடகரா?" என்பது கேள்வியே ஆகாது. சாரீரத்தைப் பற்றிக் கேட்கிறோமா, சாதகத்தைப் பற்றிக் கேட்கிறோமா என்பது தாளில் இருக்க வேண்டும். சாரீரம் பிறவியில் வருவது. அதன் கனம், இனிமை, எட்டும் எல்லை எல்லாம் அதில் அடங்கும். சாதகம் உழைப்பில் வருவது. சுருதி சுத்தம், மூச்சை ஆளும் திறன், ஸ்தாயி (கீழ், நடு, மேல் எனச் சுரங்களின் அடுக்கு) மாறும்போது குரல் உடையாமல் கடப்பது ஆகியவை இதைச் சேர்ந்தவை. வளமான சாரீரமும் குறைந்த சாதகமும் உள்ளவர்கள் உண்டு. இதற்கு நேர்மாறானவர்கள் நம் கச்சேரி மேடைகளில் நிறையவே உண்டு. இந்த இரண்டையும் பிரித்து எழுதிய அன்றே எங்கள் வீட்டுச் சண்டைகளில் பாதி குறைந்துவிட்டது.

அடுத்தது மைக். இதில்தான் அதிகம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கசப்பு இங்கேதான் பிறக்கிறது. பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய நாடகமான ஓபராவில் பாடுபவர் அறுபது எழுபது பேர் கொண்ட வாத்தியக் குழுவுக்கு மேலே, ஒலிபெருக்கி இல்லாமல், கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடுகிறார். இது வெறும் உரத்த குரலால் நடப்பதில்லை. வாத்தியக் குழுவின் ஒலிச்சக்தி சுமார் 500 ஹெர்ட்ஸ் அருகே அதிகமாக இருந்து, அதற்கு மேலே போகப் போகக் குறைகிறது. பயிற்சி பெற்ற ஆண் பாடகரோ தொண்டையின் அமைப்பைச் சற்றே மாற்றி, சுமார் 3,000 ஹெர்ட்ஸ் அருகே தன் ஒலிச்சக்தியைக் குவிக்கிறார். வாத்தியங்கள் மெலிந்திருக்கும் அந்த இடைவெளியில் அவருடைய குரல் நுழைந்து நம் காதுக்கு வந்துவிடுகிறது. சுவீடனைச் சேர்ந்த குரலொலி ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெரி இதை விரிவாக ஆராய்ந்து விளக்கினார். மைக்கை நம்பிப் பாடுபவருக்கு இந்தக் குவிப்பு தேவையில்லை. அவர் மூச்சுக் கலந்த மென்மையான ஒலியை, ஒரு ரகசியம் சொல்வதுபோல, உதட்டருகே வைத்துக்கொண்டு பாட முடியும். அந்த நெருக்கத்தை எந்த ஓபரா அரங்கிலும் பின்வரிசைக்குக் கொண்டுசேர்க்க முடியாது. இரண்டும் வேறு வேறு வித்தை. எனவே, ஒலிபெருக்கி இல்லாத அரங்கை நிரப்பும் வலுவைப் பற்றியதா நம் கேள்வி, மைக்குக்கு முன் நின்று பாடும் நயத்தைப் பற்றியதா என்பதையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசை ரசிகர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கத்தோடு பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் காலத்தில் நாடகக் கொட்டகையின் கடைசி ஆள் வரை உச்ச ஸ்தாயியில் குரலைச் செலுத்தித்தான் பாட வேண்டியிருந்தது. மைக் வந்த பிறகு வித்வான்கள் சுருதியைத் தாழ்த்திக்கொண்டார்கள், மந்திர (கீழ்) ஸ்தாயி வேலைப்பாடுகள் பெருகின, நுணுக்கமான கமகங்கள் (சுரத்தின் அசைவுகள்) கடைசி வரிசைக்கும் கேட்கத் தொடங்கின. சண்முகானந்தாவின் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்து ஒலிபெருக்கி வழியாக ஆலாபனையை ரசித்துவிட்டு, வீட்டுக்கு வந்து, போச்செல்லி மைக்கில் பாடுகிறார் என்று குறை சொல்வது நியாயமாகாது. ஓபராவிலேயே ஊறியவர்கள் அந்தக் குறையைச் சொல்லலாம். அவர்களுடைய மரபின் நிபந்தனை அது.

ஒப்பிடுவதற்கு ஒரே உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய மெல்லிசைப் பாட்டையும் இன்னொருவருடைய ஓபரா ஏரியாவையும் (ஓபராவில் வரும் தனிப்பாட்டு) அடுத்தடுத்துப் போட்டுக் கேட்பதால் எதுவும் தெளிவாகாது. இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'துராந்தோத்' ஓபராவில் வரும் 'நெஸ்ஸுன் டோர்மா' இதற்கு மிகவும் ஏற்றது. இத்தாலிய ஓபரா பாடகர் பவரோட்டி பாடியது 1990 உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தோடு உலகம் முழுவதும் பரவியது; போச்செல்லியும் அதைப் பல மேடைகளில் பாடியிருக்கிறார். இதன் முடிவில் 'வின்செரோ' என்ற சொல்லில் வரும் உச்ச சுரத்தை நம் கணக்கில் சொன்னால், ஒரு கட்டை சுருதியில் (மேற்கத்திய C) பாடும் ஆணின் தார (மேல்) ஸ்தாயி காகலி நிஷாதம் அது. சுமார் 494 ஹெர்ட்ஸ். நம் ஆண் வித்வான்கள் பெரும்பாலும் தார ஸ்தாயி பஞ்சமத்தோடு திரும்பிவிடுவார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அதற்கும் மேலே தைவதம், நிஷாதம் என்று ஏறி, கள்ளக்குரலுக்கு (மெலித்து எழுப்பும் பொய்க் குரல்) போகாமல் முழுக் குரலில் அந்த நிஷாதத்தைப் பிடித்து, பிறகு சதுச்ருதி தைவதத்தில் இறங்கி நிற்க வேண்டும். மாடி வீட்டு மாமாவுக்கு இதைச் சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து நான் விளக்கியபோது, அவர் தாமே அந்த இடத்தைப் பாடிப் பார்க்க முயன்று, பஞ்சமத்தோடு நிறுத்திவிட்டு, வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னொரு செய்தியும் இங்கே பயன்படும். புச்சினி எழுதிய சுரக்குறிப்பில் அந்த உச்ச நிஷாதம் மிகச் சிறிய கால அளவுக்குத்தான் வருகிறது. நீண்டு நிற்பது அடுத்து வரும் தைவதம்தான். நிஷாதத்தை இழுத்து நிறுத்துவது பாடகர்கள் ஏற்படுத்திய வழக்கம். ஆகவே யார் அதிக நேரம் பிடித்தார் என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் இசையமைப்பாளர் கேட்காத ஒன்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள்.

அந்த ஒரு சொல்லை மட்டும் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை, உச்சத்துக்கு முன் மூச்சு எங்கே எடுக்கப்படுகிறது, அது அவசரத்தில் எடுத்த மூச்சா, நிதானமாக எடுத்ததா என்பதை மட்டும் கவனியுங்கள். இரண்டாம் முறை உயிரெழுத்தைக் கவனியுங்கள்: 'செ' என்பதில் உள்ள எகரம் மேலே ஏறும்போது எகரமாகவே நிற்கிறதா, இறுகிப்போய் வேறு ஒலியாகிவிடுகிறதா என்று பாருங்கள். நல்ல டெனர் (உயர்ந்த ஆண் குரலில் பாடுபவர்) அந்த எகரத்தை ஓரளவு உருட்டித்தான் மேலே கொண்டுபோவார். அது குறையன்று, குரலைக் காக்கும் முறை. மூன்றாம் முறை சுரம் முடியும் இடத்தைக் கேளுங்கள். பிடித்த சுரத்தை விடும்போது அது தானாக அடங்குகிறதா, மூச்சுத் தீர்ந்து அறுந்துவிடுகிறதா என்பதில் சாதகம் முழுவதும் தெரிந்துவிடும். இப்படிக் கேட்டபோது எங்கள் மைத்துனரே, போச்செல்லியின் மத்திய ஸ்தாயியில் உள்ள அந்த மெல்லிய சோகம் கலந்த நிறம் உச்சத்துக்குப் போகும்போது சற்று இறுகுகிறது என்று ஒப்புக்கொண்டார். மாமாவும் தம் பங்குக்கு, மெதுவான சொற்றொடர்களில் அவர் சொல்லை விழுங்காமல் பாடும் அழகு எல்லா ஓபரா பாடகர்களிடமும் கிடைப்பதில்லை என்றார். என் தீர்ப்பும் ஏறக்குறைய இதுதான். ஓபரா அரங்குக்கு அவருடைய குரல் சிறியது என்று விமரிசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள், 1999இல் டெட்ராய்ட்டில் அவர் 'வெர்தர்' ஓபராவில் பாடியதும் அந்தப் பேச்சை அடக்கவில்லை. ஆனால் மைக்குக்கு முன்னால் பாடப்படும் இத்தாலியப் பாட்டில் அவருடைய குரலுக்கு ஈடு சொல்வது கடினம்.

ஒலிப்பதிவு எந்தச் சூழலில் நடந்தது என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஸ்டூடியோவில் ஒரு வரியைப் பத்து முறை பாடி நல்லதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். 1997க்குப் பிறகு சுருதியைத் திருத்தும் மென்பொருளும் வந்துவிட்டது. மேடைப் பதிவுகளிலும் வேறுபாடு உண்டு. 1990 ஜூலை 7 அன்று ரோமில் கரக்கல்லா குளியல் மண்டபத்தின் இடிபாடுகளில் பவரோட்டி, டொமிங்கோ, கரேராஸ் மூவரும் பாடியபோது வாத்தியக் குழுவை நடத்தியவர் நம் மும்பையில் பிறந்த சுபின் மேத்தா. அந்தத் திறந்தவெளிக் கச்சேரியில் அந்த மூவருக்குமே மைக் இருந்தது. பவரோட்டியின் உண்மையான வலுவை நிறுவ வேண்டுமானால், 1972இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ஒரே ஏரியாவில் ஒன்பது முறை அவர் தொட்ட உச்ச ஷட்ஜத்தைச் சான்றாகக் காட்டுவதுதான் பொருத்தம். நம் ஒரு கட்டைக் கணக்கில் அது தார ஸ்தாயிக்கும் மேலான அதிதார ஷட்ஜம்.

நம் பக்கத்துப் பாடகர்களுக்கு வரும்போது கூடுதலாக ஒரு கவனம் வேண்டும். பி. உன்னிகிருஷ்ணன் 1994இல் திரைக்கு வந்த ஆண்டில் பாடிய பாட்டுகளுக்கே தேசிய விருது பெற்றார்; பம்பாய் ஜெயஸ்ரீ இந்த ஊரில் டி.ஆர். பாலாமணியிடம் கற்று, பிறகு லால்குடி ஜெயராமனிடம் சேர்ந்தவர், 2001இல் 'வசீகரா' மூலம் கச்சேரிப் பக்கமே வராத வீடுகளுக்குள்ளும் போனவர். அந்தப் பாட்டில் கமகம் குறைவாக இருக்கிறது, பிருகாவே (வேகமாக உருளும் சுரக் கோவை) இல்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒரு மாமி வருத்தப்பட்டார். ஒரு திரைப்பாட்டில் எத்தனை அசைவு இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்பவர் இசையமைப்பாளர்; பாடகி அசைக்காமல் விட்ட சுரத்தைக் குறையாக எண்ணக் கூடாது. அசையாமல் நிற்கும் அந்தச் சுரம் சுருதியில் நிற்கிறதா, தாழ்ந்த குரலில் பாடும்போதும் மூச்சின் பிடிப்பு குலையாமல் இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால், கமகத்துக்குள் மறைந்துகொள்ள இடமில்லாத நேர்சுரத்தில் அவருடைய சாதகம் கச்சேரியைவிடத் தெளிவாகத் தெரிகிறது என்றே நான் சொல்வேன். மும்பையில் வளர்ந்த ஹரிஹரனையும் சங்கர் மகாதேவனையும் பற்றிப் பேசும்போதும் இதே அளவுகோல் உதவும். ஆனால் ஹரிஹரன் உஸ்தாத் குலாம் முஸ்தஃபா கானிடம் இந்துஸ்தானி கற்றவர் என்பதால் அவர் சுரங்களை வழுக்கிச் சேர்க்கும் விதத்தை இந்துஸ்தானி மரபை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

பேசும் சொற்களில் கண்டிப்பாக இருங்கள். 'குரல் சரியில்லை', 'உருக்கிவிட்டார்' போன்ற சொற்களை யார் சொன்னாலும், எந்த இடத்தில், எந்தச் சொல்லில், எந்தச் சுரத்தில் என்று மரியாதையோடு கேளுங்கள். பெரியவர்களிடம் "எந்த இடத்துல மாமா, இன்னொரு தரம் போடட்டுமா?" என்று கேட்டால் யாருக்கும் மனம் கோணாது, பாட்டை மறுபடி போட்டுக் கேட்பதே பாதி வாதத்தைத் தீர்த்துவிடும். விற்பனையான தட்டுகளின் எண்ணிக்கையைக் குரலுக்குச் சான்றாகக் கொண்டுவர வேண்டாம். போச்செல்லி பன்னிரண்டு வயதில் பார்வையை முழுதும் இழந்தவர் என்பதை இரக்கத்துக்காகவோ குறைத்துச் சொல்வதற்காகவோ இழுப்பதும் வேண்டாம். அவருடைய சுருதியைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை.

கூட்டம் கலையுமுன், எடுத்துக்கொண்ட உருப்படியை முதலிலிருந்து கடைசி வரை ஒரு முறை, யாரும் பேசாமல், விளக்கைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். துண்டு துண்டாகக் கேட்டதெல்லாம் அப்போதுதான் ஒன்று சேர்கிறது. தாளில் எழுதிய கேள்விக்குக் கீழே அவரவர் முடிவை ஒரு வரியில் குறித்துக்கொண்டு, அடுத்த மாதத்துக் கேள்வியைப் புதிய தாளில் எழுதுங்கள். எங்கள் அடுத்த தாளில் மாடி வீட்டு மாமா எழுதியிருப்பது இது: "ஆங்கிலேயப் பாடகி சாரா பிரைட்மன் உச்சத்தில் பாடும்போது சொல் புரிகிறதா, ஒலி மட்டும் கேட்கிறதா?"