டாக்கரில் ஓடும் நெக்ஸ்ட்கிளவுட்டுக்குப் புதிய டொமைனை அறிமுகப்படுத்துவது எப்படி?

வீட்டுக் கணினியில், டாக்கர் கன்டெய்னருக்குள் (மென்பொருளைத் தனித்து இயக்கும் பெட்டகம்), சொந்தக் கோப்புச் சேமிப்புச் சேவையான நெக்ஸ்ட்கிளவுட்டை நிறுவி, 192.168.1.20:8080 என்ற முகவரியில் பல நாள் பயன்படுத்தி வந்த ஒருவர், புதிதாக வாங்கிய டொமைன் பெயரில் அதைத் திறந்தால், உள்நுழைவுப் பக்கத்துக்குப் பதிலாக, நம்பகமற்ற டொமைன் வழியே வந்திருப்பதாக ஓர் அறிவிப்புதான் தோன்றும். இது பழுதன்று. பிரவுசர் தான் தேடி வந்த முகவரியை ஒவ்வொரு கோரிக்கையிலும் ஹோஸ்ட் என்ற தலைப்பில் எழுதி அனுப்புகிறது. அதில் பொய்யான முகவரியை எவரும் எழுதிவிட முடியும் என்பதால், அதை அப்படியே நம்பிக் கடவுச்சொல் மீட்பு இணைப்பை உருவாக்கினால் அந்த இணைப்பு திருடரின் தளத்துக்கு இட்டுச் செல்லக்கூடும். ஆகவேதான் நம்பகமான டொமைன்களின் பட்டியலில் உள்ள முகவரிகளை மட்டுமே சர்வர் ஏற்கிறது.

முதலில் இப்போதுள்ள பட்டியலைப் பாருங்கள். கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் ஆங்கில எழுத்துகளில் தட்டவேண்டும். கன்டெய்னரின் பெயர் நெக்ஸ்ட்கிளவுட் என்று கொள்வோம். ஓசிசி என்பது நெக்ஸ்ட்கிளவுட்டின் நிர்வாகக் கட்டளைக் கருவி.

டாக்கர் எக்ஸெக் -யு 33 நெக்ஸ்ட்கிளவுட் பிஎச்பி ஓசிசி கான்ஃபிக்:சிஸ்டம்:கெட் டிரஸ்டட்_டொமைன்ஸ்

33 என்பது வெப் சர்வர் பயனரின் எண். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இமேஜைப் பயன்படுத்துவோர் 82 என்று இடவேண்டும். ரூட் பயனராக இயக்கினால் ஓசிசி மறுத்துவிடும்.

வரும் வரிகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். லோக்கல்ஹோஸ்ட், 192.168.1.20:8080 என இரண்டு வரிகள் இருந்தால் அவை 0, 1, புதியதற்கு 2. இதில் மிகுந்த கவனம் தேவை, ஏனெனில் 1 என்று தட்டிவிட்டால் எச்சரிக்கை ஏதுமின்றிப் பழைய முகவரி அழிந்து, அதன் இடத்தில் புதியது அமர்ந்துவிடும்.

டாக்கர் எக்ஸெக் -யு 33 நெக்ஸ்ட்கிளவுட் பிஎச்பி ஓசிசி கான்ஃபிக்:சிஸ்டம்:செட் டிரஸ்டட்_டொமைன்ஸ் 2 --வேல்யூ=மேகம்.எக்சாம்பிள்.ஆர்க்

மேகம்.எக்சாம்பிள்.ஆர்க் இருக்குமிடத்தில் உங்கள் டொமைனை எழுதுங்கள். முகவரிக்கு முன்னால் எச்டிடிபிஎஸ் சேர்க்காதீர்கள். இறுதியில் சாய்கோடும் வேண்டாம். கன்டெய்னரை மீண்டும் தொடங்கத் தேவையில்லை. மாற்றம் உடனே தெரியாவிட்டால் ஒரு நிமிடம் பொறுத்துப் பக்கத்தைப் புதுப்பியுங்கள். உடுக்குறி ஒன்றை மட்டும் இட்டு எல்லா முகவரிகளையும் அனுமதிக்கும் குறுக்குவழியைச் சிலர் பரிந்துரைப்பர். அது இந்தக் காவலையே நீக்கிவிடுவதால், தயவுசெய்து செய்யாதீர்கள்.

கன்டெய்னரின் அமைப்புகளை எழுதிவைக்கும் கம்போஸ் கோப்பில் நெக்ஸ்ட்கிளவுட்_டிரஸ்டட்_டொமைன்ஸ் என்ற சூழல் மாறியை மாற்றிவிட்டு, ஏன் பலனில்லை என்று தவிக்கும் புதியவர்கள் ஏராளம். அந்த மாறி முதல் நிறுவலின்போது மட்டுமே படிக்கப்படுகிறது. அதன்பின் பட்டியல் கான்ஃபிக்.பிஎச்பி கோப்பில், கன்டெய்னருக்கு வெளியேயுள்ள வால்யூம் என்ற சேமிப்பிடத்தில் தங்கிவிடுவதால், கன்டெய்னரை எத்தனை முறை புதிதாக உருவாக்கினாலும் பழைய பட்டியலே நீடிக்கும். புதிதாக நிறுவப்போகிறவர்கள் மட்டும் முகவரிகளை இடைவெளி விட்டு அந்த மாறியிலேயே எழுதிக்கொள்ளலாம்.

சர்வருக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் போன்ற ரிவர்ஸ் பிராக்ஸி (கோரிக்கைகளை முதலில் வாங்கிச் சர்வருக்கு அனுப்பும் இடைநிலை மென்பொருள்) இருந்து, டொமைனைச் சேர்த்த பிறகும் பக்கம் எச்டிடிபிக்கே திரும்பினால், ஓவர்ரைட்புரோட்டோகால் என்ற அமைப்புக்கு எச்டிடிபிஎஸ் என்ற மதிப்பை இதே செட் கட்டளையால், வரிசை எண் இல்லாமல் கொடுங்கள்.