ஒலி ஒத்துப்போனால் உறவாகிவிடுமா? சொல் ஆராய்ச்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பானியர் நன்றி சொல்லும் 'அரிகாதோ'வில் நம் 'அரிது' ஒளிந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் சட்டென்று மறுக்க வராது. அதன் மூலமான 'அரிகதாய்'க்குப் பழைய பொருளும் 'அரியது' என்பதுதான். ஒலியும் பொருந்துகிறது, பொருளும் பொருந்துகிறது, அப்புறம் என்ன சந்தேகம்? சொல்லை அதன் மொழியிலேயே பிரித்துப் பார்த்தால் கதை மாறிவிடும். அங்கே 'அரி' என்றால் இருத்தல், 'கதாய்' என்றால் கடினம். இருப்பதற்கே கடினமானது, ஆகவே அரியது. வேற்று மொழிச் சொல்லை நம் மொழிக் கத்தியால் வெட்டுவதுதான் முதல் தவறு.

இதே சொல்லை, நன்றி என்று பொருள்படும் போர்த்துகீசிய 'ஒப்ரிகாடோ'விலிருந்து வந்ததாகச் சொல்பவர்களும் உண்டு. போர்த்துகீசியர் ஜப்பானில் கால்வைத்தது 1543இல். அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய ஜப்பானிய நூல்களிலேயே இந்தச் சொல் இருக்கிறது. காலத்தைப் பார்க்காமல் கடன் கணக்கு எழுதக் கூடாது.

இன்றைய வடிவத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது இன்னும் பெரிய தவறு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் மொழியில் நாய்க்குப் பெயர் 'டாக்'. 1960களில் அதைப் பதிவுசெய்த மொழியியலாளர் டிக்சன், ஆங்கிலத்திலிருந்து போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். ஆனால் அக்கம்பக்கத்து மொழிகளில் நாய் 'குடகா'. ம்பபரத்தில் சொல்லின் முதல் அசை உதிரும், கடைசி உயிரும் போகும், முதலில் 'க' இருந்த சொற்களில் நடு 'அ', 'ஒ' ஆகும். குடகா தேய்ந்து 'டொக்', அதாவது நாம் 'டாக்' என்று எழுதும் சொல், ஆனது இப்படித்தான். ஆங்கிலத்திலோ நாய்க்குப் பழைய பொதுச்சொல் 'ஹுண்ட்'. 'டாக்' பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டும் வெவ்வேறு வழியில் வந்து ஒரே இடத்தில் முட்டிக்கொண்டவை.

குழந்தைச் சொற்களைச் சான்றாகக் காட்டவே வேண்டாம். நமக்கு 'மாமா' தாயின் சகோதரர், ரஷ்யருக்கு அம்மா, ஜார்ஜியருக்கு அப்பா! பெரும்பாலும் குழந்தைகளுக்கு முதலில் எளிதாக வாயில் வரும் ஒலிகளில் ம, ப போன்ற உதடு ஒட்டும் ஒலிகளும் உண்டு. அதைத் தங்களைக் கூப்பிடுவதாகப் பெரியவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, கடன் வாங்கிய சொல்லை ரத்த உறவாகக் காட்டுவதும் நடக்கிறது. நம் 'ஜன்னல்' போர்த்துகீசிய 'ஜனேலா'விலிருந்து வந்தது. அதனால் தமிழும் போர்த்துகீசியமும் ஒரே குடும்பம் ஆகிவிடுமா?

உறவைத் தேடுகிறவர் ஒற்றைச் சொல்லில் நிற்காமல் வரிசையைப் பார்க்க வேண்டும். நம் 'செவி' கன்னடத்தில் 'கிவி', நம் 'செம்' அங்கே 'கெம்பு'. இ, எ ஒலிகளுக்கு முன்னால் அங்கே 'க' வரும் இடத்தில் இங்கே 'ச' வருவது ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நடக்கிறது. இந்த ஒழுங்கு இருந்தால் ஒலி ஒட்டாவிட்டாலும் உறவு உண்டு. சமஸ்கிருத 'சக்ர'வும் ஆங்கில 'வீல்'-உம் ஒரே பழஞ்சொல்லின் பிள்ளைகள். லத்தீன் 'துவோ'வும் ஆர்மேனிய 'எர்கு'வும் அப்படித்தான். இரண்டுக்கும் பொருள் 'இரண்டு'.