சென்னையைப் புத்தகங்கள் வழியே அறிய ஒரு வாசிப்பு வரிசை

சென்னையைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடற்கரையில் நிலம் பெற்ற கதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கோட்டை, கவர்னர்கள், போர்கள் என்று நூறு பக்கங்கள் போவதற்குள் ஆர்வம் வற்றிவிடுகிறது. இந்த ஊரில் குடியிருந்து, வேலை தேடி, வாடகை கொடுத்து வாழ்ந்தவர்கள் எழுதியவற்றை முதலில் படித்துவிட்டு, வரலாற்று நூல்களைப் பின்னர் துணைக்கு எடுத்துக்கொள்வதே சரியான வரிசை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முதலில் அசோகமித்திரனின் ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ நூலைப் படியுங்கள். அவர் செகந்திராபாத்தில் பிறந்து 1952-இல் இங்கே குடியேறியவர். அதனால்தானோ என்னவோ, இங்கேயே பிறந்தவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் பலவும் அவர் கண்ணில் படுகின்றன. அந்தக் கையோடு, ஜெமினி ஸ்டுடியோவில் வேலை பார்த்த ஆண்டுகளைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ‘மை இயர்ஸ் வித் பாஸ்’ நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள்களிலிருந்து வேண்டிய செய்திகளைத் தனியே எடுத்துக் கோப்புகளில் சேர்ப்பது அங்கே அவருடைய வேலையாக இருந்தது. ஒப்பனைப் பிரிவு இயங்கிய கட்டடம் ஒரு காலத்தில் ராபர்ட் கிளைவின் குதிரை லாயமாக இருந்ததாகச் சொல்வார்கள் என்று எழுதுகிறவர், கிளைவ் குடியிருந்ததாகச் சொல்லப்படும் கட்டடங்கள் நகரத்தில் இன்னும் பல உண்டு என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

இப்படி ஓர் ஊர்க்கதை வரும் இடத்தில் பென்சிலால் குறியிட்டுக்கொண்டு, ஹென்றி டேவிசன் லவ் 1913-இல் வெளியிட்ட ‘வெஸ்டிஜஸ் ஆஃப் ஓல்ட் மெட்ராஸ்’ தொகுதிகளின் சொல்லடைவில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். 1640 முதல் 1800 வரையிலான கம்பெனி ஆவணங்களைக் கொண்டு எழுதப்பட்ட அந்தப் பெருநூலைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை படிக்க வேண்டியதில்லை. ஐயம் எழும்போது புரட்டிப் பார்த்தால் போதும்.

இரண்டாவதாக, திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’. இதை அவசரமில்லாமல் படிக்க வேண்டும். இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் மாணவராக இருந்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர், 1918-இல் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்கும், 1921-இல் பெரம்பூரில் இருந்த பக்கிங்காம், கர்நாடிக் நெசவாலைகளின் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்துக்கும் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை அவர் சொல்லிலேயே அறியலாம். பக்கத்தில் நகர வரைபடம் ஒன்றை விரித்து, அவர் குறிப்பிடும் தெருக்களையும் பேட்டைகளையும் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தால், இராயப்பேட்டைக்கும் பெரம்பூருக்கும் இடையே அன்றைய பொதுவாழ்க்கை எந்தெந்த வழிகளில் நடந்தது என்பது புலப்படும். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டவை என்பதால் கிடைப்பதும் எளிது.

இவற்றுக்குப் பிறகு எஸ். முத்தையாவிடம் வரலாம். 1981-இல் ‘மெட்ராஸ் டிஸ்கவர்ட்’ என்று வெளிவந்து, பின்னர் விரிந்து ‘மெட்ராஸ் ரீடிஸ்கவர்ட்’ ஆன அவருடைய நூலை வீட்டில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படிக்காமல், ஒரு பகுதிக்குப் போவதற்கு முந்தைய இரவில் அந்தப் பகுதியைப் பற்றிய பக்கங்களை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புங்கள். அவருடைய ஈடுபாடு கட்டடங்கள், நிறுவனங்கள், அவற்றை எழுப்பியவர்கள் மீது மிகுதி. அங்கே உழைத்தவர்களைத் தேடும்போது திரு.வி.க.விடம்தான் திரும்ப வேண்டியிருக்கும்.

அண்மைக் காலத்துக்கு இரண்டு நூல்களைச் சொல்வேன். மார்கழிக் கச்சேரிகளை அறிந்தவர்கள் டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலைக் கட்டாயம் படிக்க வேண்டும். மேடையில் ஒலிக்கும் மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, வார் பிடித்துத் தருகிற குடும்பங்களின் வாழ்க்கையை, அந்தக் கலைஉலகம் அவர்களை நடத்திய விதத்தோடு சேர்த்துச் சொல்கிறது. 2015 வெள்ளத்தைப் பற்றிய கிருபா கேயின் ‘ரிவர்ஸ் ரிமெம்பர்’ நூலைப் படிக்கும்போது, செம்பரம்பாக்கத்திலிருந்து கடல்வரை அடையாறு வரும் பாதையை வரைபடத்தில் விரலால் தொடர்ந்து பாருங்கள். உங்கள் வீட்டில் அன்று தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்பதை அந்தப் பக்கத்தின் ஓரத்திலேயே தேதியோடு எழுதியும் வையுங்கள்.

அச்சில் இல்லாத பழைய நூல்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகத்தையும் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தையும் நாடலாம். போகும்போது நூலின் பெயரை மட்டுமல்லாமல், தேடுகிற பேட்டையின் பழைய பெயரையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.