ஊருக்கு மின்சாதனம் அனுப்புகிறவர்களுக்கு

கனடாவுக்குக் குடிபெயர்ந்த புதிதில் மின்சாதனக் கடையில் விற்பனைக்கு நின்றபோது, பொருளின் பின்புறத்து லேபிளைப் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ பொருள் அனுப்புகிறவர்களும் முதலில் அதைப் பாருங்கள். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். '100-240' என்று அச்சிட்டிருந்தால் கவலையில்லை, பிளக் மாற்றி போதும். மடிக்கணினி, போன் சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படித்தான்.

வெறும் '120' என்றிருக்கும் ரைஸ் குக்கரை அம்மாவுக்கு ஆசையாக அனுப்பினால், செருகிய சிறிது நேரத்தில் கருகிவிடும். இடையில் டிரான்ஸ்போமர் வைத்தாலும், அது வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. அதனால் இங்கிருந்து அனுப்பிய மின்விசிறி அங்கே மெதுவாகச் சுற்றும். (நுவரெலியாக் குளிருக்கு அது யாருக்கு வேண்டும்!) குக்கருக்குப் பணமாக அனுப்புங்கள். ஊர்க் கடையில் வாங்கினால் உத்தரவாதமும் அங்கேயே செல்லுபடியாகும்.