ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் குட்டிகளின் நிறத்தைக் கணிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

பெயரில் ஆஸ்திரேலியா இருந்தாலும், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் என்ற நாயினம் உருவானது அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பண்ணைகளில்தான். இந்த இனத்துக்கெனத் தனிச் சங்கம் 1957-இல் அங்கே அமைந்தது; அமெரிக்கன் கென்னல் கிளப் 1991-இல் இதை அங்கீகரித்தது. கறுப்பு, சிவப்பு, புளூ மெர்ல், ரெட் மெர்ல் என்ற நான்கு நிறங்களை மட்டுமே இனத்தின் தரவரையறை ஏற்கிறது. மெர்ல் என்பது வெளிறிய பரப்பின்மேல் அடர் நிறத் திட்டுகள் சிதறிய தோற்றம். இவற்றோடு வெள்ளைப் பகுதிகளும் செப்பு நிற அடையாளங்களும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

இரண்டு நாய்களை இணை சேர்ப்பதற்கு முன், பிறக்கப்போகும் குட்டிகளின் நிறங்களைத் தாளில் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி என்பதைப் படிப்படியாக விளக்குவதே இந்தப் பதிவின் நோக்கம். விரும்பிய நிறத்தில் குட்டி கிடைக்கும் என்பதற்காக மட்டும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இந்த இனத்தில் ஒரு தவறான இணை, காது கேளாத, கண் தெரியாத குட்டிகளைத் தரக்கூடும். கால் மணி நேரக் கணக்கு அதைத் தடுத்துவிடும்.

முதல் படி: குறியீடுகளை எழுதிக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு மரபணுவும் நாயின் உடலில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. நாய் தன் குட்டிக்கு அந்த இரண்டில் ஏதேனும் ஒன்றை மட்டுமே கொடுக்கும். எதைக் கொடுக்கும் என்பது தற்செயல். ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல்கள் என்கிறோம். ஒற்றைப் பிரதி இருந்தாலே தன் விளைவைக் காட்டுவது ஓங்கு அல்லீல். இரண்டு பிரதிகளும் சேர்ந்தால் மட்டுமே வெளிப்படுவது ஒடுங்கு அல்லீல்.

இந்தப் பதிவில் கறுப்பு அல்லீலை ‘க’ என்றும், சிவப்பு அல்லீலை ‘சி’ என்றும், மெர்ல் அல்லீலை ‘மெ’ என்றும், மெர்ல் இல்லாத சாதாரண அல்லீலை ‘சா’ என்றும் குறிப்போம். ஆய்வக அறிக்கைகளில் அடிப்படை நிறம் பெரிய பி, சிறிய பி என்ற ஆங்கில எழுத்துகளாலும், மெர்ல் பெரிய எம், சிறிய எம் என்ற எழுத்துகளாலும் குறிக்கப்பட்டிருக்கும்.

இரண்டாம் படி: மூக்கைப் பார்த்து அடிப்படை நிறத்தை உறுதிசெய்யுங்கள்

நாயின் உடல் நிறமிகள் இரண்டே வகை. கறுப்பு அல்லது பழுப்பாகத் தெரியும் யூமெலனின் ஒன்று. மஞ்சள் முதல் செம்பு வரை தெரியும் பியோமெலனின் மற்றொன்று. நாயைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, மூக்கையும் இமை விளிம்பையும் உதட்டையும் பாருங்கள். உடலில் எவ்வளவு வெள்ளை இருந்தாலும், மெர்ல் எவ்வளவு வெளிறியிருந்தாலும், இந்த மூன்று இடங்களும் உண்மையைச் சொல்லிவிடும். அவை கறுப்பாக இருந்தால் நாய் கறுப்பு அல்லது புளூ மெர்ல். ஈரல் போன்ற பழுப்பாக இருந்தால் சிவப்பு அல்லது ரெட் மெர்ல்.

இதைத் தீர்மானிப்பது 11-ஆம் குரோமோசோமில் உள்ள டிஒய்ஆர்பி1 என்ற மரபணு. இந்த இனத்தில் ‘சிவப்பு’ என்று அழைக்கப்படுவது உண்மையில் யூமெலனின் பழுப்பாக மாறிய நிலைதான். சாக்லேட் நிற லாப்ரடோரிலும் வேலை செய்வது இதே மரபணுதான். கறுப்பு ஓங்கு, சிவப்பு ஒடுங்கு. ஆகவே சிவப்பு நாய்க்கு ‘சி-சி’ என்று தயங்காமல் எழுதிவிடலாம். கறுப்பு நாயோ ‘க-க’ ஆகவும் இருக்கலாம், சிவப்பை உள்ளே சுமக்கும் ‘க-சி’ ஆகவும் இருக்கலாம். கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. அதன் பெற்றோரில் ஒன்று சிவப்பாக இருந்தாலோ, முன்பு அது சிவப்புக் குட்டி ஈன்றிருந்தாலோ ‘க-சி’ என்று உறுதியாக எழுதலாம். இரண்டும் தெரியாவிட்டால் மரபணுச் சோதனைதான் வழி.

மூன்றாம் படி: மெர்ல் இருக்கிறதா என்று தேடுங்கள்

புளூ மெர்ல் நாயின் முதுகை அருகில் நின்று பாருங்கள். அடுப்புச் சாம்பலைத் தூவியதுபோல வெளிறிய சாம்பல் பரப்பின்மேல், ஓரங்கள் பிய்ந்து கிழிந்தாற்போன்ற கறுப்புத் திட்டுகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். ரெட் மெர்லில் சாம்பலுக்குப் பதிலாக வெளிர் பழுப்பும், கறுப்புக்குப் பதிலாக அடர் பழுப்பும் இருக்கும். கண்கள் நீலமாக இருக்கலாம். பழுப்புக் கருவிழியில் ஒரு கீற்று மட்டும் நீலமாக இருப்பதும் உண்டு. ஆனால் காலிலும் கன்னத்திலும் உள்ள செப்பு நிறம் வெளிறாமல் அப்படியே நிற்கும். இந்த நாயைப் பார்த்தவுடன் மனம் இழுக்கப்படுவது இயல்பே. எனக்கும் இதைவிட அழகான முடிநிறம் வேறு இனத்தில் தெரியவில்லை.

காரணம் 10-ஆம் குரோமோசோமில் உள்ள பிமெல் என்ற மரபணு. நிறமி அணுக்களுக்குள் யூமெலனின் படிவதற்குத் தேவையான இழைச் சட்டகத்தை இந்த மரபணு தரும் புரதமே அமைக்கிறது. மெர்ல் நாய்களில் இந்த மரபணுவுக்குள் ஒரு சிறு டிஎன்ஏ துண்டு செருகப்பட்டிருப்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்டார்கள். சட்டகம் பழுதானால் யூமெலனின் வெளிறுகிறது. பியோமெலனினுக்கு அந்தச் சட்டகம் தேவையில்லாததால்தான் செப்பு நிறம் பாதிக்கப்படுவதில்லை.

செருகப்பட்ட துண்டின் முடிவில், ஒரே வேதியெழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு வால் இருக்கிறது. அந்த வாலின் நீளம்தான் விளைவைத் தீர்மானிக்கிறது. ஆய்வகங்கள் செருகலின் மொத்த அளவை எண்ணாகத் தருகின்றன. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லைகள் சற்று மாறினாலும், ஏறத்தாழ 200 முதல் 246 வரை இருந்தால் நாய் சாதாரண ஒற்றை நிறமாகவே தோன்றும்; இதை மறைமெர்ல் எனலாம். 247 முதல் 264 வரை தெளிவற்ற, மங்கிய மெர்ல்; 265 முதல் 268 வரை நாம் நன்கறிந்த மெர்ல்; அதற்கு மேல் போனால் திட்டுகளுக்கிடையே வெள்ளை தோன்றத் தொடங்கும். உடல் வளரும்போது சில அணுக்களில் இந்த வால் குறுகிவிடுவதால், ஒரே நாயின் தோலில் வெவ்வேறு நீளங்கள் கலந்திருக்கும். எந்த இரண்டு மெர்ல் நாய்களுக்கும் திட்டுகள் ஒரே மாதிரி அமையாததற்கு இது முக்கியக் காரணம்.

மெர்ல் ஒற்றைப் பிரதியிலேயே வெளிப்படும் என்பதால், வழக்கமான மெர்ல் நாய்க்கு ‘மெ-சா’ என்றும், ஒற்றை நிற நாய்க்கு ‘சா-சா’ என்றும் எழுதுங்கள். இரண்டாவதை எழுதும்போது மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். வால் நுனியிலோ காது மடலிலோ விரற்கடை அளவில் மட்டுமே மெர்ல் தெரியும் நாய்களும், அறவே தெரியாத மறைமெர்ல் நாய்களும் இருக்கின்றன. நாயின் பெற்றோரில் ஒன்று மெர்ல் என்றால், இணை சேர்ப்பதற்கு முன் சோதனை செய்துவிடுவதே முறை. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும். குட்டியாக இருந்தால், பால் குடித்தவுடன் மாதிரி எடுக்காதீர்கள். தாயின் அணுக்கள் கலந்துவிடும்.

நான்காம் படி: செப்பு நிறத்தையும் வெள்ளையையும் குறித்துக்கொள்ளுங்கள்

புருவத்தின் மேல் இரு புள்ளிகள், கன்னம், கால்கள், வாலின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் வரும் செப்பு நிறம், 24-ஆம் குரோமோசோமில் உள்ள ஏஎஸ்ஐபி மரபணுவின் ஒடுங்கு வடிவம் ஒன்றால் ஏற்படுகிறது. ஓங்கு கறுப்பு எனப்படும் வேறொரு மரபணு வடிவம் 16-ஆம் குரோமோசோமில் இருந்தால், அது இந்தச் செப்பு நிறத்தை முழுதாக மூடிவிடும். செப்பு இல்லாத பெற்றோருக்குச் செப்பு நிறமுள்ள குட்டி பிறந்தால் குழம்ப வேண்டியதில்லை. உடல்நலத்தோடு இதற்குத் தொடர்பில்லாததால், தொடக்கத்தில் இதற்கு அடுத்த படியில் வரும் கட்டக் கணக்கைப் போட வேண்டாம். குறித்து வைத்தால் போதும்.

வெள்ளையின் பரப்பை எளிய கட்டத்தால் கணிக்க முடியாது. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கழுத்து, மார்பு, கால், முகத்தின் நடுக்கோடு ஆகிய இடங்களில் வெள்ளை இருக்கலாம் என்று சொல்லும் தரவரையறை, காதுகளையும் கண்களையும் சுற்றி வெள்ளையல்லாத நிறமே மேலோங்கியிருக்க வேண்டும் என்கிறது. இது வெறும் அழகு விதி அன்று. உட்செவியில் உள்ள நிறமி அணுக்கள் இல்லாமற்போனால், ஒலியை உணரும் செல்கள் பிறந்த சில வாரங்களிலேயே அழிந்துவிடுகின்றன. காதைச் சுற்றிய வெள்ளை, உள்ளேயும் நிறமி குறைந்திருக்கலாம் என்பதற்கான எச்சரிக்கை.

ஐந்தாம் படி: கட்டம் போடுங்கள்

‘க-சி, மெ-சா’ என்ற புளூ மெர்ல் ஆண் நாயையும், ‘க-சி, சா-சா’ என்ற கறுப்புப் பெண் நாயையும் எடுத்துக்கொள்வோம். நிற மரபணுவும் மெர்ல் மரபணுவும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் ஒன்றையொன்று சாராமல் கடத்தப்படும். ஆகவே ஆண் நாய் க-மெ, க-சா, சி-மெ, சி-சா என்ற நான்கு வகை விந்தணுக்களைத் தரும். பெண் நாய் க-சா, சி-சா என்ற இரண்டு வகை முட்டைகளைத் தரும். நான்கை மேல் வரிசையிலும் இரண்டைப் பக்கவாட்டிலும் எழுதிக் கோடு போட்டால் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும்.

நிரப்பிப் பாருங்கள். 3 கட்டங்கள் புளூ மெர்ல், 3 கட்டங்கள் கறுப்பு, 1 ரெட் மெர்ல், 1 சிவப்பு. இது ஒவ்வொரு குட்டிக்கும் உள்ள வாய்ப்பே தவிர, பிறக்கும் எட்டுக் குட்டிகளும் இப்படியே பிரியும் என்ற உறுதி அன்று. நிறத்தை ஒதுக்கி மெர்லை மட்டும் கூட்டினால் எட்டில் நான்கு, அதாவது பாதி.

ஆறாம் படி: மெர்லோடு மெர்லைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள்

இப்போது இரு பக்கமும் ‘மெ-சா’ என்று வைத்து நான்கு கட்டங்கள் போடுங்கள். ஒன்று ‘மெ-மெ’, இரண்டு ‘மெ-சா’, ஒன்று ‘சா-சா’. மெர்ல் குட்டி நிறைய வேண்டும் என்ற ஆசையில் சிலர் இந்த இணையைச் செய்கிறார்கள். ஆனால் ஆரோக்கியமான ஒற்றை மெர்ல் குட்டிகள் இங்கும் பாதிதான்; ஐந்தாம் படியில் ஒற்றை நிற நாயுடன் சேர்த்தபோதும் பாதிதான் கிடைத்தன. கூடுதலாகக் கிடைப்பவை ‘மெ-மெ’ குட்டிகள் மட்டுமே. ஆறு குட்டிகள் பிறந்தால், குறைந்தது ஒன்றாவது ‘மெ-மெ’ ஆக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 82.

அந்தக் குட்டிகளின் உடலில் பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும். பல மெர்ல் இனங்களைச் சேர்ந்த 153 நாய்களைச் சோதித்து 2009-இல் வெளிவந்த ஆய்வில், ஒற்றை மெர்ல் நாய்களில் 2.7 சதவீதம் ஒரு காதிலும், 0.9 சதவீதம் இரு காதுகளிலும் கேட்கும் திறனற்றிருந்தன. இரட்டை மெர்ல், அதாவது ‘மெ-மெ’ நாய்களிலோ அது முறையே 10 சதவீதமும் 15 சதவீதமும். கண் கோளம் சிறுத்துப்போதல், கண்மணி இடம் மாறுதல் போன்ற குறைகளும் சேரும். பிரிட்டனின் கென்னல் கிளப் இரு மெர்ல் பெற்றோருக்குப் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதில்லை. நிறத்தின் பேரில் இந்த இணையைச் செய்வதற்கு எந்த நியாயமும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு பக்கம் மெர்ல் என்றால், மறுபக்கம் சோதனையால் உறுதிசெய்யப்பட்ட ‘சா-சா’ நாயாகவே இருக்கட்டும்.

ஏழாம் படி: குட்டிகள் பிறந்த பின் சரிபாருங்கள்

பிறந்த அன்றே ஒவ்வொரு குட்டியின் வால் நுனி, காது, பாதம் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். சிறு மெர்ல் திட்டுகள் வளர்ந்தபின் கண்ணில் படாமல் போகலாம். மூக்கு நிறத்தை முதல் நாளே முடிவுசெய்யாதீர்கள். பல குட்டிகளுக்கு அது இளஞ்சிவப்பாகவே இருந்து, வாரங்கள் செல்லச் செல்லத்தான் நிறமேறும்.

தலை பெரிதும் வெள்ளையாக இருக்கும் குட்டிக்கு, ஐந்து வாரம் நிறைந்தபின் பேயர் எனப்படும் செவிச் சோதனையைச் செய்வியுங்கள். காதில் ஒலி எழுப்பி மூளைத்தண்டின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இந்தச் சோதனை, இரு காதுகளையும் தனித்தனியே அளக்கும். கைதட்டிப் பார்த்தால் ஒரு காது மட்டும் கேளாத குட்டி தப்பிவிடும். இரு காதுகளும் கேளாத குட்டியை வாங்குபவரிடம் அதை மறைக்காமல் சொல்லி, கை சைகைகளால் பழக்கும் முறையையும், தூங்கும்போது திடீரெனத் தொடாமல் முகத்தருகே கையை நீட்டி மணம் காட்டி எழுப்ப வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.