முதலில் தொண்ணூறு, பிறகு நாற்பத்தைந்து: டேபிள் சா மெஷினுக்கு ஒரு ஸ்லெட்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக இருக்கும். இடித்த வீடுகளின் கதவு, தூண், உத்தரத்துண்டு என்று எல்லாம் வந்து சேரும் இடம். அங்கே வாங்கிய பர்மா தேக்குச் சட்டங்களில்தான் எங்கள் ஐயா, அப்பத்தா கல்யாணப் படத்துக்கு நான் முதல் ஃபிரேம் போட்டேன். மூன்று மூலை கச்சிதமாகச் சேர்ந்தது. நாலாவது மூலையில் ஒரு தீக்குச்சி நுழைந்தது. மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்து மாட்டினேன். பக்கத்துத் தெரு ஆசாரி அண்ணன் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "தம்பி, மூலையில என்ன புட்டு அடைச்சிருக்கீக?" என்றார்.

காரணம் எளிய கணக்கு. ஒரு ஃபிரேமுக்கு எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டும் அரை டிகிரி பிசகினால், கடைசி மூலைக்கு வரும்போது அது நாலு டிகிரி. டேபிள் சா, அதாவது மேசையின் நடுவே வட்ட பிளேடு சுழலும் அறுப்பு மெஷின், அதோடு வரும் சின்னக் கோணமானியில் அரை டிகிரியைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்குத்தான் ஸ்லெட். மரத்தை நாம் தள்ளாமல், மரத்தைச் சுமந்துகொண்டு பிளேடு மேல் போய்வரும் ஒரு பலகை வண்டி.

முதலில் மெஷினைப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு. மேசையில் பிளேடுக்குப் பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் காடிக்கும் (பள்ளம்) பிளேடுக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். ஒரு பல்லில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். அந்தப் பல் முன்னால் இருக்கும்போது ஒரு அளவு, கையால் சுற்றி அதே பல்லைப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மெஷின் கையேட்டைப் பார்த்து அதைச் சரிசெய்யாமல் ஸ்லெட்டில் கை வைக்காதீர்கள். கோணலான பிளேடுக்கு நேரான ஸ்லெட் செய்து பயனில்லை.

மூலைமட்டத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒரு நேரான ப்ளைவுட் விளிம்பில் வைத்துக் கோடு போடுங்கள். மட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் நல்லது. விரிந்தால், விரிந்ததில் பாதி அதன் பிசகு. (வீட்டுத் தரையில் ஆத்தங்குடிக் கல் இருக்கிறதே, அதன் மூலையில் வைத்துப் பார்க்கலாமே என்று எனக்கும் தோன்றியது. கையால் வார்த்த கல். அழகுக்குச் சரி, மட்டத்துக்கு வேண்டாம்.)

இனி மரவேலை. தளத்துக்கு 12 மி.மீ. ப்ளைவுட், 700க்கு 600 மி.மீ. போதும். வளைந்த ஷீட்டைக் கடைக்காரர் தலையில் கட்டப் பார்த்தால் வாங்காதீர்கள். தளத்தின் அடியில் ஒட்டி, காடியில் ஓடும் ஒல்லியான சட்டங்கள்தான் ரன்னர்கள். அவற்றுக்குப் பழைய தேக்குதான் என் தேர்வு. எத்தனையோ மழையும் வெயிலும் பார்த்துவிட்ட மரம், இனிமேல் அதிகம் அசையாது. பழைய மரத்தில் ஆணி ஒளிந்திருக்கும், காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டே அறுங்கள். பல மெஷின்களில் காடி 19 மி.மீ. அகலம் இருக்கும். மலிவான மெஷின்களில் அப்படி இருக்காது, அளந்துகொள்ளுங்கள். ரன்னர் காடியில் பக்கவாட்டில் ஆடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. இழைப்புளியால் ஒரு சீவல், போட்டுப் பார், இன்னொரு சீவல், அவ்வளவு பொறுமை வேண்டும். உயரம் மட்டும் காடியின் ஆழத்தைவிட ஒரு மி.மீ. குறைவாக இருக்கட்டும்.

ஒட்டும்போது காடிக்குள் சில்லறைக் காசுகளை அடுக்கி அதன்மேல் ரன்னரை வைத்தால் மேசை மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே எழும்பி நிற்கும். பசை தடவி, தளத்தை மேலே வைத்து, பாரம் ஏற்றி விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டு அம்மிக்கல்லுக்கு அன்றைக்கு ஒரு நாள் வேலை கிடைத்தது. காய்ந்தபின் கீழேயிருந்து சிறு ஸ்க்ரூ. தலை மரத்துக்குள் அமுங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது இரண்டு சட்டங்கள். நமக்கு எதிர்ப்பக்கம் நிற்பதை முகப்புச் சட்டம் என்றும், நம் பக்கம் இருப்பதைக் கைச்சட்டம் என்றும் சொல்கிறேன். முகப்புச் சட்டத்துக்குத் தளம் இரண்டாகப் பிளக்காமல் பிடிப்பது ஒன்றுதான் வேலை. அது எப்படியிருந்தாலும் கவலையில்லை. கைச்சட்டம் நூல் பிடித்தது போல் நேராக இருக்க வேண்டும். 18 மி.மீ. ப்ளை இரண்டை ஒட்டி, 90 மி.மீ. உயரத்துக்கு நான் செய்தேன். முகப்பை இறுக்கமாகத் திருகிவிடுங்கள். கைச்சட்டத்தை மூலைமட்டம் வைத்து நிறுத்தி, வலது கோடியில் ஒரு ஸ்க்ரூ, இடது கோடியில் ஒரு ஸ்க்ரூ மட்டும். வலது ஸ்க்ரூதான் கீல் மாதிரி. இடதை அப்புறம் நகர்த்தப் போகிறோம்.

கைச்சட்டத்துக்குப் பின்னால், பிளேடு வெளியே வரும் இடத்தில், ஒரு கட்டையை ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் பிளேடு அந்தக் கட்டைக்குள் போய் ஒளிய வேண்டும். கட்டைவிரலை வைக்கத் தோதான இடம் சரியாக அதுதான் என்பதால் அதற்குச் சிவப்புப் பெயின்டும் அடித்து வைத்திருக்கிறேன். ஸ்லெட்டை ஓட்ட மெஷினின் மேல்மூடியைக் கழற்ற வேண்டி வருகிறது, ஆகவே இந்தக் கட்டை விருப்பத்துக்கு விட்ட விஷயமில்லை. பிளேடை உயர்த்தி ஸ்லெட்டை மெதுவாகத் தள்ளி, தளத்தில் கீற்று போடுங்கள். இரண்டு சட்டத்துக்கும் நடுவிலேயே நிறுத்திவிடுங்கள். கடைசிக் கோடி வரை அறுக்கக் கூடாது.

இப்போது இந்த வேலையின் உயிர்நாடி. ஐந்து வெட்டுச் சோதனை. ஏறக்குறைய 380 மி.மீ. சதுரமான ப்ளைத் துண்டு ஒன்றை எடுத்து, கைச்சட்டத்தில் சாய்த்து, பிளேடுக்கு இடதுபுறம் வைத்து, வலது ஓரத்தில் கொஞ்சம் அறுங்கள். அறுத்த ஓரம் கைச்சட்டத்தைத் தொடும்படி துண்டைக் கடிகாரச் சுற்றில் திருப்புங்கள். மறுபடி அறுங்கள். இப்படி நாலு பக்கமும். ஐந்தாவது தடவை முதல் பக்கமே திரும்ப வரும். அதில் ஒரு விரல் அகலப் பட்டையை அறுத்து, கைச்சட்டத்தின் பக்கம் இருந்த முனைக்கு 'கை' என்று எழுதிவிடுங்கள். மறந்தால் முழுவதும் திரும்பச் செய்ய வேண்டும், செய்திருக்கிறேன்.

பட்டையின் இரண்டு முனையையும் வெர்னியரில் அளக்கவும். எனக்குக் கை முனை 10.6 மி.மீ., எதிர்முனை 11.8 மி.மீ. வித்தியாசம் 1.2. பிசகு நாலு தடவை கூடியிருப்பதால் நாலால் வகுத்தால் 0.3. பட்டையின் நீளம் 360. அதாவது 360 மி.மீ. ஓட்டத்தில் 0.3 பிசகு. என் ஸ்லெட்டில் இரண்டு ஸ்க்ரூவுக்கும் இடையே 480 மி.மீ. அப்படியானால் இடது கோடியை 0.4 மி.மீ. நகர்த்த வேண்டும். எந்தப் பக்கம்? எதிர்முனை தடித்திருந்தால் இடது கோடியை நம் பக்கம் இழுக்க வேண்டும். கை முனை தடித்திருந்தால் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும்.

0.4 மி.மீ.யைக் கண்ணால் நகர்த்த முடியாது. பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் (தடிமன் பொறித்த மெல்லிய இரும்பு இலைகளின் கட்டு) ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடது கோடியின் பின்புறத்தில் 0.4 இலையை வைத்து, அதை ஒட்டி ஒரு கட்டையைக் கிளாம்ப் செய்யுங்கள். இலையை உருவுங்கள், இடது ஸ்க்ரூவைக் கழற்றுங்கள், சட்டத்தைக் கட்டை வரை தள்ளுங்கள். புது இடத்தில் புதுத் துளை போட்டுத் திருகுங்கள். பழைய துளையில் திருகினால் ஸ்க்ரூ பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். திரும்பவும் ஐந்து வெட்டு. இரண்டாம் தடவை எனக்கு வித்தியாசம் 0.1. வீட்டு ஃபிரேமுக்கு இது தாராளம். இனி நகராதபடி நாலைந்து ஸ்க்ரூ போட்டு முடிக்கவும்.

தொண்ணூறு கைக்கு வந்தால் நாற்பத்தைந்து பாதி வந்த மாதிரி. இந்த ஸ்லெட்டிலேயே 18 மி.மீ. ப்ளையில் 300 மி.மீ. சதுரம் ஒன்று அறுத்து, மூலைக்கு மூலை குறுக்கே பிளந்தால் முக்கோணம். அதன் நீளமான ஓரத்தைக் கைச்சட்டத்தில் ஒட்டவைத்து, கூர்முனை கீற்றின் மேல் எதிரே பார்க்கும்படி, வேண்டும்போது கழற்றுகிற மாதிரி இரண்டு ஸ்க்ரூவில் நிறுத்துங்கள். ஃபிரேம் சட்டத்தின் ஒரு முனையை முக்கோணத்தின் இடது தோளில் சாய்த்தும், மறுமுனையை வலது தோளில் சாய்த்தும் அறுக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் ஓர் இடது வெட்டும் ஒரு வலது வெட்டும் சேரும். இதில் ஒரு சௌகரியம்: முக்கோணம் இம்மி சாய்ந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் 45.2 ஆனாலும் மறுபக்கம் 44.8 ஆகி, மூலை தொண்ணூறிலேயே மூடும். கூர்முனை தொண்ணூறாக இருந்தால் போதும். அதைத்தான் இவ்வளவு பாடுபட்டுச் செய்தோம்.

சாய்ந்த வெட்டில் மரம் நழுவப் பார்க்கும். இரண்டு தோளிலும் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். எதிரெதிர்ச் சட்டங்களை ஒரே அளவுக் கட்டையில் முட்டவைத்து அறுங்கள். கோணம் சரியாக இருந்தும் மூலை திறந்தால், குற்றம் அநேகமாக நீளத்தில்தான். பிளேடு 60 பல்லுக்குக் குறையாமல் இருக்கட்டும். அறுந்த துண்டை பிளேடு நிற்கும் வரை தொடாதீர்கள். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். நடு வெட்டில் கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள், கரண்ட் திரும்பும்போது உங்கள் கை எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஐப்பசி மழையில் ரன்னர் இறுகினால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும், எண்ணெய் தடவாதீர்கள்.

அப்பத்தா படத்தையும் இறக்கினேன். ஆணிகளைப் பிடுங்கி, புட்டைச் சுரண்டி, எட்டு முனையையும் ஸ்லெட்டில் புதிதாக அறுத்தேன். ஃபிரேம் ஒவ்வொரு பக்கமும் சில மி.மீ. சுருங்கிவிட்டதால் கண்ணாடியைக் கொஞ்சம் வெட்ட வேண்டியிருந்தது. ஆசாரி அண்ணன் இந்தத் தடவை தீக்குச்சியோடு வந்தார். நாலு மூலையிலும் வைத்துப் பார்த்துவிட்டு, அதிலேயே பீடியைப் பற்றவைத்துக்கொண்டு போனார்.