சுங்கை சிப்புட்டுக்கு வரும் தம்பிகளுக்கு: லண்டன் விசாவில் ஜெர்மனி போக முடியாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்ட வேலைக்கு வருகிறவர்களுக்கு, முதலில் ஆபீஸ் வேலைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஃபோமேமா மருத்துவப் பரிசோதனை, பெர்மிட், வங்கிக் கணக்கு எல்லாம் தோட்டத்து கிராணி, அதாவது ஆபீஸ் எழுத்தர், சொல்கிறபடி நடக்கும். பாஸ்போர்ட்டை மட்டும் "பத்திரமா வச்சிருக்கேன், குடு" என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது இங்கே 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ரிங்கிட்டைத்தான் இங்கே நம்மவர்கள் வெள்ளி என்கிறார்கள். வந்த வாரம் கடைக்காரர் "எத்தனை வெள்ளி இருக்கு?" என்று கேட்க, நான் "மாசத்துக்கு நாலு" என்றேன். இன்னும் சிரிக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். குலை வெட்டி வெட்டித் தோள்பட்டை கழன்று விழுகிற ஆறாவது மாதத்தில் ஓர் ஆள் வருவார். தமிழில் அன்பாகப் பேசுவார், தே தாரிக் டீ வாங்கித் தருவார். "பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு வந்துருச்சு தம்பி, அங்க முதியோரைப் பாத்துக்க ஆளே இல்ல. லண்டன்ல இறங்கிட்டா அப்புறம் ஜெர்மனி, பிரான்ஸ் எல்லாம் ரயில்லயே போயிடலாம். அந்த ஐரோப்பிய யூனியனும் கலையப் போகுது, பார்டரே இருக்காது."

என் அறைத்தோழன், மன்னார்குடிப் பையன், 9,000 வெள்ளி கட்டினான். ஊரில் அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. கிராணியிடம் சொல்லாமல் வேலையையும் விட்டான். அங்கேதான் அடி. நம் பெர்மிட் இந்த முதலாளியோடு கட்டியது. வேலை போனால் இங்கே தங்கும் உரிமையும் போச்சு.

பிரிட்டன் வெளியேறியது உண்மைதான்; அதை வைத்து அந்த ஆள் போட்ட கணக்கு ஒன்றுகூட நிற்காது. பிரிட்டன் யூனியனில் இருந்த காலத்திலேயே, எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் வட்டத்தில் சேரவில்லை. 2020 ஜனவரி 31-ல் யூனியனை விட்டு வெளியேறியது. அந்த ஆண்டுக் கடைசியோடு பழைய ஏற்பாடுகளும் முடிந்தன. இப்போது பிரிட்டிஷ்காரரே விசா இல்லாமல் அங்கே போனால் 180 நாளில் 90 நாள்தான் இருக்கலாம். வெள்ளைக்காரனுக்கே அந்தக் கதி, மன்னார்குடிக்காரனுக்கு ரயில் எங்கே நிற்கும்? முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையும் பிரிட்டன் 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது.

யூனியன் கலைவதா? எங்கள் தேத்தண்ணிக் கடையில் ஒரு பெரியவர் உண்டு. "1965-ல சிங்கப்பூர் போனப்ப மலேசியா முடிஞ்சதுன்னு பேசினானுங்க. முடிஞ்சுதா?" என்பார். அங்கேயும் அப்படித்தான். மிச்சம் 27 நாடுகள். பிரிட்டனுக்குப் பின்னால் ஒரு நாடும் வெளியேறவில்லை. அதே 2020-ல் 75,000 கோடி யூரோவுக்குச் சேர்ந்து கடன் வாங்கச் சம்மதித்தார்கள். பிரிட்டன் உள்ளே இருந்திருந்தால் அவ்வளவு சுலபத்தில் விட்டிருக்காது என்பது என் எண்ணம். 2022-ல் உக்ரைனையும் மால்டோவாவையும் யூனியனில் சேரும் வரிசையில் நிறுத்தினார்கள். வெளியுறவு போன்ற விஷயங்களில் எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு என்பதால், ஹங்கேரி ஒன்றே பல தடவை முட்டுக்கட்டை போட்டது. வருங்காலத்தில் அவர்களுக்குத் தலைவலி உள்ளே இருந்துதான்.

இது நமக்கெதற்கு என்றால், நீங்கள் வெட்டும் குலைக்கே அந்த ஊர் விதி உண்டு. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்துச் செம்பனை எண்ணெய் யூனியனுக்குள் போகக்கூடாது என்று 2023-ல் சட்டம் போட்டார்கள். அமலாக்கத்தை இரண்டு முறை தள்ளிப்போட்டாலும் சட்டம் நிற்கிறது. அதனால்தான் எந்த நிலத்தில் விளைந்தது என்று பிளாக் பிளாக்காகக் குறிக்கிறார்கள். மண்டோர், அதாவது மேஸ்திரி, சொல்லும் எல்லையைத் தாண்டி வெட்டாதீர்கள். பிரிட்டன் தனி வழி. 2024 டிசம்பரில் பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்தில் சேர்ந்து, மலேசியச் செம்பனை எண்ணெய்க்கு வரியை எடுத்தது. எண்ணெய்க்கே இரண்டு வாசல் என்றால் ஆளுக்கு ஒரே விசாவா?

பையன் இப்போது மன்னார்குடியில் செல்போன் கடையில் நிற்கிறான். போன வாரம் பேசினான். அதே ஆள் வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டானாம், இந்தத் தடவை போர்ச்சுகலாம்.